ஒன்பது கிலோமீட்டர் இறக்கம்

ஆவணி மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, உச்சிப்பட்டியிலிருந்து கீழச்சந்தைக்குப் போகிற சாலையில் இறக்கம் காணாமல் போய்விட்டது. ஏற்றம் இருந்தது. இறக்கம் மட்டும் இல்லை.

விவரம் தெரியாதவர்களுக்கு ஒரு தடவை சொல்கிறேன். சுக்கான் மலை முழுக்கச் சுண்ணாம்புக்கல். அதன் தலையில் உச்சிப்பட்டி, காலில் கீழச்சந்தை, நடுவில் ஒன்பது கிலோமீட்டர் தார்ச்சாலை. கல் லாரிகளுக்கு மேற்கே வேறு சாலை போட்ட பிறகு எங்கள் சாலையில் சைக்கிளைத் தவிர வேறொன்றும் போவதில்லை. மைனா நடுரோட்டில் நின்று யோசிக்கும், அவ்வளவு அமைதி. கீழே போக இருபத்தைந்து நிமிஷம், மிதிக்க வேண்டாம். மேலே வர ஒன்றரை மணி நேரம், பாதி வழி தள்ள வேண்டும். அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து கீழே போகவும் ஒன்றரை மணி நேரம், பாதி வழி தள்ள வேண்டும். கண்ணுக்குச் சாலை சரிந்துதான் கிடந்தது. மழைத் தண்ணீர் எப்போதும்போல் கீழே ஓடியது. ஆடு கீழே இறங்கியது. வெறுங்கையோடு நடந்தவனும் இறங்கினான். சக்கரம் வைத்த எதுவானாலும் அதற்கு முன்னால் மட்டும் ஒரு மலை எழுந்து நின்றது.

காரணம் எனக்குத் தெரியாது. அதைக் கேட்டுக்கொண்டு யாரும் கடைக்கு வர வேண்டாம்.

ஊரில் சைக்கிள் கடை என்னுடையது ஒன்றுதான். அதனால் முதல் நாள் குற்றம் சைக்கிளுடையது என்றார்கள், இரண்டாம் நாள் என்னுடையது என்றார்கள். அறுபத்து மூன்று சைக்கிள்களைக் கவிழ்த்துப் போட்டு, கோன் கழற்றி, பால்ரஸைக் கழுவி, கிரீஸ் வைத்து மாட்டினேன். சக்கரத்தைச் சுண்டிவிட்டால் பம்பரமாகச் சுற்றியது. சாலையில் வைத்தால் மூச்சு வாங்கியது. மூன்றாம் நாள் கடையைச் சாத்திவிட்டு, "சைக்கிள் நல்லாத்தான் இருக்கு. ரோட்டைக் கொண்டாங்க, பார்க்கிறேன்" என்றேன்.

பிரசிடெண்ட் காசிராஜன் சாலைத் துறைக்குப் புகார் எழுதினார். படிவத்தில் பள்ளம், தெருவிளக்கு, பாலம் உடைப்பு என்று கட்டங்கள் இருந்தன. இறக்கத்துக்குக் கட்டம் இல்லை. 'இதர' என்ற கட்டத்தில் டிக் அடித்து, கீழே 'இறக்கம் காணவில்லை, கண்டுபிடித்துத் தரவும்' என்று எழுதி அனுப்பினார். ரசீது வந்தது.

ஊருக்கு இறக்கம் எங்கே போயிற்று என்பதில் சந்தேகமே இல்லை. மலை விழுங்கிவிட்டது. இந்த மலை எதையும் விழுங்கும். ஊருக்குப் பின்னால் அரை மைல் ஏறினால் இடிந்த காளவாய் ஒன்று நிற்கும், பழைய நாளில் சுண்ணாம்பு சுட்டது. அந்தக் காளவாய் மேட்டுக்கு இந்தப் பக்கம், ஒற்றையடிப் பாதையை ஒட்டி ஒரு குழி, விழுங்கிக் குழி என்போம். மழைக்காலத்தில் ஓர் ஓடை முழுசாக வந்து அதில் விழும், சத்தம் கூட வராது. ஆடு விழுந்திருக்கிறது, கோயில் உருளி விழுந்திருக்கிறது, ஒரு தேர்தலில் ஓட்டுப்பெட்டி விழப் பார்த்தது. போன பொருள் எந்தப் பக்கம் வெளியே வருகிறது என்று பார்க்க எங்கள் ஊரில் ஒரே வழிதான், குழியில் மஞ்சள் கரைத்து ஊற்றுவது. எந்த ஊற்றில் மஞ்சள் தண்ணீர் வருகிறதோ அங்கே போய்த் தேடலாம். இறக்கத்துக்கும் அதையே செய்தார்கள். பதினோரு மூட்டை மஞ்சள். "இறக்கம் என்ன தண்ணியாடா, ஒழுகி வெளிய வர?" என்று கேட்டேன். ஒருவனும் காதில் வாங்கவில்லை. பெண்டுகள் குலவை வேறு போட்டார்கள்.

மஞ்சள் போயிற்று. ஒன்றும் தெரியவில்லை. ஊர் பழகிக்கொண்டது.

எதற்கும் பழகிக்கொள்ளும் ஊர் இது. பால்காரர்கள் இரண்டு மணி நேரம் முன்னால் கறந்தார்கள், மாடுகளும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டு மணி நேரம் முன்னால் சுரந்தன, பள்ளிக்கூடம் பத்தரைக்குத் தொடங்கியது, கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்க்கிறவர் போக ஒன்றரை வர ஒன்றரை என்று மூன்று மணி நேரம் கழித்துக்கொண்டு நல்ல நேரம் சொன்னார், ஐந்தாம் கிலோமீட்டர் கல்லருகே யாரோ ஒரு பெஞ்சு போட, பெஞ்சுக்கு எதிரே யாரோ ஓர் அடுப்பு வைக்க, அடுப்புக்கு மேலே கீற்று வந்து அது டீக்கடையாகிப் போனது. எல்லாரும் எல்லா நேரமும் தள்ளிக்கொண்டே போனதால் எல்லாரும் எல்லாரோடும் பேசினார்கள். முன்பு மேலே வருகிறவனைக் கீழே போகிறவன் மணியடித்துவிட்டுப் பறந்துவிடுவான், இப்போது இருவரும் மூச்சு வாங்க நின்று முகம் பார்க்க வேண்டியிருந்தது, பதினோரு வருஷம் பேசாத அண்ணன் தம்பி இருவர் நாலாம் வளைவில் அப்படி நின்று, பேசுவதற்கு வேறு ஒன்றும் தோன்றாமல், "காத்து போதலையோ?" என்று ஒருவன் டயரை மற்றவன் அமுக்கிப் பார்த்தான், அதோடு வழக்கு முடிந்தது. மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் கெண்டைக்காலைப் பார்த்தே உச்சிப்பட்டிப் பையன் என்று சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நகரத்திலிருந்து வழுவழு உடையும் காளான் தொப்பியுமாகச் சைக்கிள்காரர்கள் வருவார்கள், அமைதியான சாலை தேடி. அவர்கள் வருவது நின்றுவிடும் என்று நினைத்தேன். கூட்டம் இரட்டிப்பானது. போக ஏற்றம், வர ஏற்றம், இப்படி ஒரு சாலை உலகத்தில் வேறெங்கும் இல்லை, உடம்புக்கு அவ்வளவு நல்லது என்றார்கள். தலையெழுத்து.

எனக்கு வேலை குவிந்தது. ஒரு மாதத்தில் நாற்பத்தோரு செயின், பதினேழு ஃப்ரீவீல், பெடல் கட்டை எண்ணவில்லை. பிரேக் கட்டை மட்டும் ஒன்றுகூடப் போகவில்லை. இறக்கமில்லாத ஊரில் பிரேக் எதற்கு? பிரேக் கட்டைப் பெட்டிமேல் பல்லி முட்டை வைத்தது.

இப்படியே இருந்துவிட்டிருப்போம். வெயிலுதான் இருக்க விடவில்லை.

வெயிலு எங்கள் ஊர்ப் பெண், முப்பத்து மூன்று வயது. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காலும் வராமல் போயிற்று. கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டி, அதில் மாற்றாத உறுப்பு எதுவும் பாக்கியில்லை, எல்லாம் நான் மாற்றியது. கீழச்சந்தை பஸ் நிலையத்தில் மைக்கில் பஸ் நேரம் சொல்கிற வேலை. காலை ஆறரைக்கு ஊர் எல்லைக் கல்லில் பிரேக்கை விடுவாள். ஆறு ஐம்பத்தைந்துக்கு, அவள் சண்டை போட்டுக் கட்ட வைத்த சாய்தளத்தில் ஏறி மைக் முன்னால் இருப்பாள். "கழுகுமேடு வண்டி வந்துருச்சு, ஓடாதீங்க, டிரைவர் டீ குடிக்கப் போயிருக்காரு" என்பாள். அவள் சொன்னால் சரியாக இருக்கும். சாயங்காலம் சந்தையிலிருந்து திரும்புகிறவர்கள் வண்டியில் கயிறு கட்டி முறை வைத்து இழுத்து மேலே கொண்டுவருவார்கள். பன்னிரண்டு வருஷமாக அந்தக் கயிற்றுக்கு ஆள் குறைந்ததில்லை.

இறக்கம் போனதும், காலையிலும் கயிறு கட்டுகிறோம் என்றார்கள்.

"ஏறுறதுக்குக் கயிறு, சரி. இறங்குறதுக்கும் கயிறுன்னா நான் என்ன கன்னுக்குட்டியா?" என்றாள்.

"அதனால என்ன தாயி, நம்ம ஆளுக தானே" என்றார் பிரசிடெண்ட்.

"ஒரு நாளைக்கு இருபத்தஞ்சு நிமிஷம், பிரசிடெண்டு, யார் கையும் படாம நான் போவேன். மிச்ச நேரமெல்லாம் யாராவது தூக்கணும், தள்ளணும், இழுக்கணும். அந்த இருபத்தஞ்சு நிமிஷத்தையும் குடுத்துட்டு நான் என்ன செய்ய?"

மூன்று நாள் தானே சுற்றிப் பார்த்தாள். நாலு மணி நேரம் ஆயிற்று. உள்ளங்கை தோல் உரிந்தது. போய்ச் சேர்ந்தபோது காலை வண்டியெல்லாம் போயிருந்தது. நாலாம் நாள் வீட்டில் இருந்துவிட்டாள். மைக்கைக் குத்தகைக்கு எடுத்தவர் சொல்லியனுப்பினார்: ஐப்பசி முதல் தேதி காலை ஏழு மணி வரை பார்ப்பேன், அன்றைக்கு ஆள் இல்லாவிட்டால் பட்டணத்தில் பதிவு செய்த குரல், அதுவே நிரந்தரம். ஒத்திகைக்கு ஒரு நாள் அந்தக் குரலைப் போட்டார்கள். நிறுத்தி ஆறு வருஷமான பஸ்ஸை வரவேற்றது.

புரட்டாசியில் ஒரு நாள், நான் முன்பின் பார்க்காத ஓர் ஆள் கடைக்கு வந்தான். மலைக்கு அந்தப் பக்கம் ஓடைத்துறை, பெயர் சவரிமுத்து. காளவாய் மேடு தாண்டி நடந்தே வந்திருந்தான்.

"அண்ணாச்சி, பிரேக் கட்டை இருக்கா?"

"எத்தனை சோடி?"

"இருக்கிறதெல்லாம்."

நிமிர்ந்து பார்த்தேன். வெள்ளைச் சட்டை வெளிறிய மஞ்சளாக இருந்தது.

"செயின் வேண்டாமா?"

"செயினா? எங்கூர்ல செயின் துருப்பிடிச்சுத் தொங்குது. மிதிச்சாத்தானே?"

"சட்டை என்ன இந்தக் கலர்?"

"அதை ஏன் கேக்கீங்க. ஒரு மாசம் முன்னாடி எங்க ஊத்துல மஞ்சத் தண்ணியா வந்துச்சு. ஊர்ல ஒரு துணி மிச்சமில்ல. கோயிலுக்கு நேர்ந்துக்கிட்ட ஊரான்னு பாக்குறவன் கேக்கான்."

பக்கத்தில் காத்தடிக்க வந்து உட்கார்ந்திருந்த வெயிலு வண்டியை அவன் குறுக்கே விட்டாள். "ஏய்யா, ஒங்க ஊர் ரோட்டுல ஏத்தம் இருக்கா?"

அவன் வண்டியைச் சுற்றிப் போகப் பார்த்தான், முடியவில்லை. அப்புறம் சொன்னான். ஓடைத்துறையிலிருந்து காளவாய் மேட்டுக்கு ஆறு கிலோமீட்டர் சாலை, அவர்களுடைய கொய்யாத் தோட்டமெல்லாம் மேட்டில்தான். ஆவணியிலிருந்து மேட்டிலிருந்து ஊருக்கும் இறக்கம், ஊரிலிருந்து மேட்டுக்கும் இறக்கம்.

"ரெண்டு இறக்கத்தை வச்சுக்கிட்டு வாயைத் திறக்கல?" என்றேன்.

"நாங்க என்ன திருடினோமா? தானா வந்துச்சு. மொத வாரம் சந்தோசமாத்தான் இருந்துச்சு, அண்ணாச்சி. இப்ப ஒருத்தன் நின்னு பேச முடியல. எங்க மாமியார் துக்கத்துக்கு வந்தவன் முக்காவாசிப் பேர் வாசலைத் தாண்டிப் போயிட்டான். வேணும்னா வந்து எடுத்துக்கோங்க. மறிக்க மாட்டோம்."

ஊர் பொங்கிவிட்டது. எங்கள் ஆள் ஆறு பேர் வேட்டியை மடித்துக் கட்டி, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு மேட்டைத் தாண்டிப் போனார்கள், இறக்கத்தோடு வருகிறோம், இல்லாவிட்டால் வரமாட்டோம் என்று. பொழுது சாய வந்தார்கள். வெறுங்கை. முகத்தில் மட்டும் திருவிழா பார்த்த களை. நாற்பது நாள் கழித்து மிதிக்காமல் போயிருக்கிறார்கள். போகவும் வரவும், போகவும் வரவும், ஒன்பது தடவை. எதற்குப் போனோம் என்பதே மறந்துவிட்டது. "நல்ல ஊரு" என்றான் ஒருவன். கையில் கொய்யாப்பழம்.

அடுத்த நாள் வேறு ஆறு பேர். இவர்களுக்கு நினைவிருந்தது. ஆனால் எப்படி எடுப்பது? ஒருவன் சாக்கு கொண்டுபோயிருந்தான். அப்படியே திரும்பினார்கள்.

வெயிலு பன்னிரண்டு பேரையும் கடைக்கு முன்னால் நிறுத்தி ஒரே கேள்வி கேட்டாள். "ஓடைத்துறையிலேருந்து மேட்டுக்கு வந்தீங்கல்ல, எங்க பிரேக் பிடிச்சீங்க?"

"மேட்டுலதான்."

"நீ?"

"மேட்டுலதான். அதுக்கப்புறம் ஒத்தையடிப் பாதை, பக்கத்துல குழி. பிடிக்காம?"

பன்னிரண்டு பேரும் மேட்டில்தான் பிடித்திருந்தார்கள். ஓடைத்துறை ஊரே, நாளுக்கு நூறு தடவை, அங்கேதான் பிடித்திருக்கிறது.

"பிரேக் பிடிச்ச எடத்துல இறக்கம் நின்னுபோகுது" என்றாள் வெயிலு. "பிடிக்கலன்னா கூட வரும்."

அவள் வண்டியை என் பக்கம் திருப்பினாள்.

"பெரியப்பா, என் பிரேக்கைக் கழட்டுங்க."

"மாட்டேன்."

"கழட்டுங்க."

"பிடிக்காமப் போனாப் போதாதா? எதுக்குக் கழட்டணும்?"

"குழியைப் பார்த்தா கை தானாப் பிடிச்சிரும். எனக்குக் கையில தான் பெலம்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"குழிக்குள்ள போனா மஞ்சத் தண்ணியாத்தான் வருவே."

"வந்தா அந்தச் சவரிமுத்து சட்டையில பார்த்துக்கோங்க."

பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்பேனரை எடுத்தேன். பிரேக் கம்பியைக் கழற்றும்போது நட்டை இரண்டு தடவை கீழே போட்டேன். வயசுக் கோளாறு.

புரட்டாசிக் கடைசி நாள் மதியம் அவளை மேட்டுக்கு இழுத்துப் போனார்கள், அது ஏற்றம், கயிற்றுக்கு ஒன்றும் சொல்லவில்லை. மேட்டிலிருந்து ஓடைத்துறைப் பக்கம் கயிற்றை அவிழ்த்தார்கள். அந்தப் பக்கம் நல்ல தார்ச்சாலை, முடிவில் மணல் ஓடை, அதில் போய் நின்றுகொள்ளலாம். தனியாக இறங்கிப் போனாள். முதல் வளைவில் அவள் கூவியது எனக்குக் கேட்டது. ஐம்பது நாளில் அப்படி ஒரு சத்தம் அவளிடமிருந்து வரவில்லை. அன்றைக்குச் சவரிமுத்து வீட்டில் தங்கினாள்.

ஐப்பசி முதல் தேதி விடியலில் உச்சிப்பட்டியில் ஒருவரும் வீட்டுக்குள் இல்லை. ஒற்றையடிப் பாதையில் கூரான கல்லெல்லாம் பெயர்த்து, அரை மைலுக்கும் சாக்கு விரித்து, சாக்கு போதாமல் பாய், பாய் போதாமல் கல்யாண ஜமக்காளம் விரித்து, தெருவிலிருந்த கட்டிலையும் உரலையும் ஆட்டையும் கோழியையும் உள்ளே அடைத்து, ஒன்பது கிலோமீட்டருக்கும் வளைவுக்கு இரண்டு பேர் நின்றார்கள். டீக்கடைக்காரர் பெஞ்சை ஓரம் தள்ளினார். குழியின் விளிம்பில் இருபது பேர் கயிறு பிடித்து வேலிபோல் நின்றோம். அது அவளை இழுக்கிற அதே கயிறுதான்.

ஆறே காலுக்கு அந்தப் பக்கம் ஓடைத்துறை ஜனம் கத்துவது கேட்டது. சவரிமுத்து அவளை ஒரே ஒரு தள்ளு தள்ளிவிட்டானாம், அதுவும் அவள் அனுமதி கொடுத்த பிறகு. சாலை மேலே மேலே போகிறது, வண்டி கீழே கீழே வருகிறது, நானே பார்த்தேன்: மலையேறுகிற சாலையில் ஒரு மூன்று சக்கர வண்டி விழுகிற கல்லைப்போல் வந்துகொண்டிருந்தது. மேட்டுக்கு வந்தாள். நாங்கள் கயிற்றை இறுக்கினோம். அவள் கை பிரேக் இருந்த இடத்துக்குப் போயிற்று, எனக்குத் தெரியும், நான் பார்த்தேன், அங்கே ஒன்றும் இல்லை, கை காற்றைப் பிடித்தது. மேடு தாண்டிற்று.

வண்டி நிற்கவில்லை. வண்டிக்குப் பின்னால், எப்படிச் சொல்வது, ஒரு காற்று வந்தது, ஒரு சரிவு வந்தது, நின்றுகொண்டிருந்த எங்களுக்கெல்லாம் உள்ளங்காலில் தரை கொஞ்சம் முன்னால் சாய்ந்ததுபோல் இருந்தது. குழி ஓரத்தில் இடது சக்கரம் கயிற்றை உரசியது. இருபது பேரும் ஓரடி சாய்ந்தோம். கயிறு தாங்கியது. அவள் ஜமக்காளத்தின்மேல் ஏறி, எங்கள் தெருவுக்குள் புகுந்து, என் கடை முன்னால் சாத்தியிருந்த பம்பைத் தட்டிவிட்டு, எல்லைக் கல்லைத் தாண்டிக் கீழே போனாள். அவள் போன பின்னால், தெருவில் ஸ்டாண்டு போடாமல் நிறுத்தியிருந்த சைக்கிள்கள் ஒவ்வொன்றாகத் தானே உருளத் தொடங்கின.

யாரும் ஓடிப்போய்ப் பிடிக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

பிறகு நடந்ததைக் கீழச்சந்தைக்காரர்கள் சொல்லித்தான் தெரியும். ஆறு ஐம்பத்தெட்டுக்குப் பஸ் நிலையத்துக்குள் வந்திருக்கிறாள். சாய்தளம் மேல்நோக்கிக் கட்டியது. வண்டி அதில் ஏறி, வேகம் குறைந்து, மைக் மேசையில் லேசாக முட்டி நின்றது. இறக்கம் சாய்தளத்தின் அடியில் நின்றது. குத்தகைக்காரர் பதிவுக் குரலுக்குப் பொத்தானில் விரல் வைத்திருந்தார். "விரலை எடுங்க" என்றாளாம்.

காற்று கீழேயிருந்து அடித்தால் பஸ் நிலையத்து ஒலிபெருக்கி மேலே லேசாகக் கேட்கும். அன்றைக்கு அடித்தது. "கழுகுமேடு வண்டி வந்துருச்சு" என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "உச்சிப்பட்டிச் சனங்களே, இறங்கி வாங்க. கடைசியில வந்து எல்லாரும் பிரேக்கைப் பிடிங்க, மறக்காதீங்க."

மறக்கவில்லை. இன்றைக்கும் கீழே போய்ச் சேருகிற எவனும் சாய்தளத்துக்கு முன்னால் பிரேக்கை இறுக்கிப் பிடித்து, ஒரு மூச்சு நின்றுவிட்டுத்தான் சந்தைக்குள் போகிறான். நகரத்துக்காரர்களுக்கும் சொல்லி வைத்திருக்கிறோம். இறக்கம் திரும்பி வந்ததில் முதலில் வருத்தப்பட்டார்கள், ஒரு தடவை இறங்கிய பிறகு வருத்தம் போய்விட்டது. டீக்கடை அப்படியே இருக்கிறது. இறக்கத்தில் பறக்கிறவனும் ஐந்தாம் கல்லில் நிற்கிறான், ஏன் என்று கேட்டால் தெரியாது என்கிறான். என் கடையில் பிரேக் கட்டை நன்றாகப் போகிறது. ஓடைத்துறைக்காரர்கள் செயின் வாங்க வருகிறார்கள். முனகிக்கொண்டேதான் வாங்குகிறார்கள். ஆனாலும் நின்று அரை மணி நேரம் பேசிவிட்டுப் போகிறார்கள்.

தை மாதம் சாலைத் துறையிலிருந்து ஓர் அதிகாரி புகாரை முடித்துவைக்க வந்தார். சாலையை மேலும் கீழும் பார்த்தார். என் கடைக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து படிவத்தைப் பிரித்தார்.

"இறக்கம் இருக்கே?"

"இருக்கு" என்றேன்.

"அப்போ சரிபண்ணியாச்சு. யார் சரிபண்ணது? பேர் எழுதணும், இல்லைன்னா புகார் முடியாது."

பிரசிடெண்ட் தொண்டையைக் கனைத்தார். "எங்கள் ஊராட்சியின் இடைவிடாத சீரிய முயற்சியாலும், பொதுமக்களின்..."

"நீரு சும்மா இரும்" என்றேன். ஊரில் எல்லாரும் கூப்பிடுகிற பெயர் போதாது, ரேஷன் கார்டில் இருக்கிற முழுப் பெயரே இருக்கட்டும் என்று, அதிகாரி பேனாவைத் திறக்கும்வரை காத்திருந்து, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன்.

வெயிலுகந்தாள்.